எத்தனை இடத்துல நிக்கும்?

"மறுபடியுமா?"

கார் ஓரம் கட்டும்போதே பின்சீட்டிலிருந்து பெரியவன் கத்திவிட்டான்.

"கொஞ்சம் சார்ஜ் ஏத்திக்கலாம் மச்சான். நடு ரோட்டுல நின்னுட்டா வம்பு" என்றார் மாப்பிள்ளை.

"இது மூணாவது தடவை மாப்ள! ராத்திரி பூரா எங்க வீட்டு பிளக்லதானே மாட்டி வச்சிருந்தீங்க?"

"வீட்டு பிளக்ல மெதுவாத்தான் ஏறும். பாதிகூட ஏறல."

முன்சீட்டில் இருந்த அப்பா அதற்குள் பெல்ட்டைக் கழற்றியிருந்தார். "சரி, நின்னது நின்னாச்சு. நான் காலை நீட்டிட்டு வர்றேன்" என்று கடைப்பக்கமாக விறுவிறுவென்று நடந்தார்.

பெரியவனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. கூரியர் கம்பெனியில் வண்டிகளை நேரத்துக்கு அனுப்பி வைப்பது அவன் வேலை. ஒரு வண்டி பத்து நிமிஷம் தாமதமானாலும் டிரைவரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவான். இன்றைக்கு அவனே தாமதம்.

ஐந்து மணிக்குத் தங்கையின் கிளினிக் திறப்பு. கால்நடை டாக்டர் அவள். நாய் பூனைகளுக்கென்று சொந்தமாக ஒரு கிளினிக் வைப்பது படிக்கிற காலத்திலிருந்து அவள் கண்ட கனவு. ரிப்பனை அப்பாதான் வெட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அந்த அப்பாவோ இரண்டு வருஷமாக வெளியூர் என்றாலே தலையை ஆட்டிவிடுகிற ஆள். "என் டீசல் வண்டியில ஏறி உட்காருங்க. எங்கேயும் நிக்காம நாலே மணி நேரத்துல கொண்டுபோய் இறக்கிடறேன்" என்று பெரியவன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். "நீ போயிட்டு வாப்பா. எனக்கு அலுப்பா இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நேற்று அழைத்துப்போக மாப்பிள்ளை வந்தார், புது எலெக்ட்ரிக் காரோடு. அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"வழியில எத்தனை இடத்துல நிக்கும் மாப்பிள்ளை?"

பெரியவன் விழுந்து விழுந்து சிரித்தான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தார். "அடிக்கடி நிக்கும் மாமா. சார்ஜ் போட்டுப் போட்டுத்தான் போகணும்" என்றார்.

"அப்ப நானும் வர்றேன்" என்றுவிட்டார் அப்பா.

பெற்ற பிள்ளை கூப்பிட்டால் அலுப்பு. மாப்பிள்ளை கூப்பிட்டால் நொண்டி வண்டியானாலும் பரவாயில்லை. அந்த வயிற்றெரிச்சல் வேறு பெரியவனுக்குள் காலையிலிருந்து புகைந்துகொண்டிருந்தது.

செல்போன் அலறியது. தங்கை.

"எங்கண்ணா இருக்கீங்க? எல்லாரும் வந்தாச்சு. ஒரு அம்மா நாயைத் தூக்கிட்டு வந்து உட்கார்ந்திருக்காங்க. அதுக்குக் கால்ல அடி. வாசல்ல ரிப்பன் கட்டியிருக்கு, என்ன பண்றதுன்னே தெரியல."

"உன் வீட்டுக்காரரைக் கேளு! காரா இது? டவுன் பஸ்கூட இத்தனை ஸ்டாப்ல நிக்காது."

போனை வைத்தவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை தண்ணீர் வாங்கக் கடைக்குள் போயிருந்தார். பெரியவன் காரை இரண்டு தடவை சுற்றி வந்தான். சார்ஜ் போடுகிற மெஷினை முறைத்தான். டயரை உதைக்கலாமா என்றுகூட யோசித்தான். கடைசியில், எவ்வளவு ஏறியிருக்கிறது என்றாவது பார்ப்போம் என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

திரையில் பச்சையாக எரிந்தது: தொண்ணூற்று நான்கு சதவீதம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். தொண்ணூற்று நான்கேதான். இன்னும் முந்நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடும் என்று கீழே வேறு போட்டிருந்தது. காலையில் வீட்டில் பிளக்கைக் கழற்றும்போதே நூறு சதவீதம் என்ற கணக்கும் அதிலேயே இருந்தது. தங்கை ஊருக்கு மிச்சம் இருந்தது நூற்றைம்பதுகூட இல்லை.

மாப்பிள்ளை வந்ததும் பாய்ந்தான். "யாரை ஏமாத்தறீங்க? அங்க உங்க பெண்டாட்டிதான் வாசல்ல தவிச்சுக்கிட்டு நிக்கிறா. புது வண்டியை நிறுத்தி நிறுத்திப் பந்தா காட்ட இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா?"

"மெதுவாப் பேசுங்க மச்சான்."

"எதுக்கு மெதுவா? ராத்திரியே முழுசா ஏறியிருக்கு! ஒரு இடத்துலயும் நிக்காமலே போயிருக்கலாம்!"

"போயிருக்கலாம். வண்டி தாங்கும்." மாப்பிள்ளை கடைப்பக்கம் பார்த்தார். "மாமா தாங்க மாட்டார்."

பெரியவன் திரும்பினான். கழிப்பறை வாசலில் நான்கைந்து பேர் வரிசையாக நின்றார்கள். அதில் அப்பா, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"அவரால ஒரு மணி நேரம்கூட அடக்க முடியல மச்சான். வண்டியை நிறுத்துன்னு சொல்லவும் கூச்சம். அதான், எத்தனை இடத்துல நிக்கும்னு கேட்டார். பழி வண்டி மேல போகட்டுமேன்னு நானும் ஒரு பொய் சொல்லி வச்சேன்."

எங்கேயும் நிக்காத வண்டி. அப்பா முன்னால் எத்தனை தடவை மார்தட்டியிருப்பான்! பெரியவனுக்கு அவமானமாக இருந்தது.

ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி அப்பா வந்தார். "ரொம்ப நேரம் பண்ணிட்டேனா? அங்க ஒருத்தர் பேச்சுக் கொடுத்துட்டார்" என்று பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மறுபடி செல்போன். "அண்ணா, ஆரம்பிச்சுடவா?"

"அந்த நாயைப் பின்வாசல் வழியா உள்ளே கொண்டுபோய்ப் பாரும்மா. ரிப்பன் அப்படியே இருக்கட்டும். எத்தனை மணியானாலும் அப்பா வந்து வெட்டுவார்."

அப்பா காதில் நன்றாக விழட்டும் என்று குரலை உயர்த்தினான்.

"லேட்டாத்தான் ஆகும். என்ன வண்டியோ போ, இன்னும் ரெண்டு இடத்துலயாவது நிறுத்திச் சார்ஜ் போட்டே ஆகணும்!"