சாயம் போன இடம்

லாண்டரி முதலாளி ஏரிக்கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கழிவுநீர்தான் ஏரியைக் கெடுக்கிறது என்று புகார். விசாரிக்க வந்த இன்ஜினியரம்மா, லாண்டரிச் சாக்கடையில் ஒரு வாளி பச்சைச் சாயத்தைக் கொட்டிவிட்டு, அந்தச் சாக்கடை சேரும் கால்வாய் ஏரியில் விழும் இடத்துக்கு அவரையும் இழுத்துவந்து நிறுத்தியிருந்தார்.

இரண்டு மணி நேரமாகியும் பச்சை வரவில்லை. முதலாளிக்கே அது ஆச்சரியம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

“பார்த்தீங்களா மேடம்? அபாண்டமா பழி போட்டாங்க. என் மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுங்க.”

“அப்போ அவ்வளவு சாயமும் எங்கே சார் போச்சு?”

“எங்கே போனா நமக்கென்ன மேடம்? ஏரிக்கு வரலையே!”

இன்ஜினியரம்மா வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்தபோது, முதலாளியின் செல்போன் அலறியது. லாண்டரிக்குப் பின்னாலேயே இருந்த வீட்டிலிருந்து மனைவி.

“என்னங்க, நம்ம குடிதண்ணிக் குழாயில பச்சைப்பசேல்னு தண்ணி வருது!”

முதலாளி இன்ஜினியரம்மா பக்கம் திரும்பினார்.

“மேடம்... அந்தச் சாயத்தைக் குடிச்சா ஆபத்தா?”

“சாயம் ஒண்ணும் பண்ணாது சார். உங்க சாக்கடைதான் எங்கேயோ உடைஞ்சு குடிதண்ணிக் குழாயில கலக்குது. இத்தனை நாளா கலர் இல்லாம வந்திருக்கு, அவ்வளவுதான்.”