ஜன்னலோர சீட்டு

"யாரு பெத்த பிள்ளைன்னு தெரியலைங்க. ராட்டினத்துக்கிட்ட தனியா நின்னுக்கிட்டு இருந்துச்சு."

காணாமல் போனவர்களுக்கான கூடாரத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மைக்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே, தோளில் கனத்த துணிப்பையோடு ஓர் இளம்பெண். அவள் கையைப் பிடித்தபடி மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி.

மைக்கம்மாவுக்கு இது பன்னிரண்டாவது வருஷம். மாம்பூ உதிர்ந்து வெயில் ஏறுகிற இந்த இரண்டு மாதமும் ஊருக்கு ஊர் திருவிழாதான். ஓர் ஊரில் பந்தல் பிரித்தால் அடுத்த ஊரில் பந்தல் போடுவார்கள். அவள் வீட்டுக்காரரின் ஒலிபெருக்கிகள் போகிற இடமெல்லாம் அவளும் போவாள், மைக் பிடிப்பாள். எள் போட்டால் எள் விழாத கூட்டத்திலும், அவளிடம் வந்து சேர்ந்த ஒரு பிள்ளைகூடப் பெற்றவர்கள் கைக்குத் திரும்பாமல் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். யார் கேட்டாலும் சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

நோட்டைப் பிரித்துக்கொண்டு பெயர் என்னவென்று கேட்டாள். வழியெல்லாம் கேட்டுப் பார்த்தாயிற்று, வாயே திறக்க மாட்டேன் என்கிறது என்றாள் அந்தப் பெண்.

"சரி, வயசாவது போடணும். ஒரு நாலு இருக்குமா?"

"அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது."

மைக்கம்மா அப்படியே எழுதிக்கொண்டு மைக்கைத் தட்டினாள். மஞ்சள் கவுன், நீலச் செருப்பு, இரட்டைச் சடை என்று அடையாளம் சொன்னவள் அதோடு விடவில்லை. சாமி ஊர்வலம் பார்க்கிற அவசரத்தில் பெற்ற பிள்ளையைத் தொலைத்த மகராசி எந்த மூலையில் நின்றாலும் உடனே வந்து சேரட்டும். வழியில் போகிற ஒரு பெண்ணுக்கு இருக்கிற ஈரம்கூடப் பெற்றவளுக்கு இல்லாமல் போய்விட்டதே என்று ஒரு பிடி பிடித்தாள்.

இளம்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நேருக்கு நேர் புகழ்ந்ததில் கூச்சப்படுகிறாள் என்று மைக்கம்மாவுக்குத் தோன்றியது. அவள்மேல் இன்னும் பிரியம் கூடியது.

உட்கார்ந்து ஒரு வாய் டீ குடிக்கச் சொன்னாள். இல்லை, மூன்று மணி பஸ்ஸை விட்டால் இனி நாளைக்குத்தான், அங்கே அவர் காத்துக்கொண்டிருப்பார் என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஊர்வலத்துக்காக எல்லாத் தெருவையும் அடைத்துவிட்டார்கள், எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லையாம்.

கூடாரத்துக்கு ஒத்தாசையாக ஒரு ரிட்டையர் ஆன கண்டக்டர் இருந்தார். பஸ் ஸ்டாண்டில் இன்னும் அவர் பேச்சு எடுபடும். மைக்கம்மா அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்தப் பொண்ணைப் பின்பக்கச் சந்து வழியா கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்திவிட்டுட்டு வாங்க. நிக்க விட்டுறாதீங்க. ஜன்னலோரமா ஒரு சீட்டு பாத்துக் குடுங்க."

கிளம்பும்போது சிறுமி கையை விடவில்லை. அந்தப் பெண் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அரை மணி நேரப் பழக்கத்திலேயே எப்படி ஒட்டிக்கொண்டுவிட்டது பார் என்று மைக்கம்மா சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் வந்து, அழுது ஊரைக் கூட்டி, அப்பா அம்மாவோடு போய்விட்டார்கள். மனைவியைத் தொலைத்த ஒரு பெரியவர், அறிவிப்பைக் கேட்டு வந்த அந்த அம்மாளிடம் திட்டு வாங்கிக்கொண்டே போனார். மஞ்சள் கவுன் மட்டும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தது. அழவில்லை. கொடுத்த பிஸ்கட்டைக் கையிலேயே வைத்திருந்தது. பயத்தில் வாயடைத்துப் போயிருக்கிறது பாவம் என்று நினைத்துக்கொண்டு, மைக்கம்மா கால் மணிக்கு ஒரு தரம் தாய்க்காரியை மைக்கில் வறுத்தெடுத்தாள்.

நாலு மணிக்குக் கண்டக்டர் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். ஜன்னலோர சீட்டே கிடைத்ததாம். பஸ் புறப்பட்டுப் பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாராம்.

"நல்ல மனசு அந்தப் பொண்ணுக்கு. அவ வயித்துல பொறக்கிற பிள்ளை குடுத்து வெச்சது" என்றாள் மைக்கம்மா.

சிறுமி அப்போதுதான் முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். தண்ணீர் வேண்டும் என்றாள்.

மைக்கம்மாவுக்குப் பாதி உயிர் வந்தது. வாய் திறந்துவிட்டது, இனிக் கவலையில்லை. தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்து, மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் கத்துவதைவிடப் பெற்ற பிள்ளையின் குரலைக் கேட்டால் எந்தத் தாயும் ஓடி வந்துவிடுவாள் என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, மைக்கைச் சிறுமியின் வாயருகே கொண்டுபோனாள்.

"இதுல பேசு கண்ணு. உங்கம்மா எங்கே இருந்தாலும் கேக்கும். அம்மான்னு கூப்பிடு."

சிறுமி மைக்கைப் பார்த்தாள். பிறகு மைக்கம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மைதானம் முழுக்க, எட்டு ஒலிபெருக்கிகளிலும் அந்தச் சின்னக் குரல் கேட்டது.

"அவங்களைத்தான் நீங்க பஸ் ஏத்திவிட்டுட்டீங்களே."