உண்மை விளம்பி

"உந்தப் பிள்ளை படம் எடுக்கப் போகேல்லை, ஸ்கூட்டி எடுக்கப் போகுது. செவுளைத் தூக்கிப் பாத்திட்டுக் காசைக் குடுங்கோ சனங்களே!"

லவீனாவின் முகநூல் பதிவுக்குக் கீழே இப்படி எழுதியிருந்த ஆளின் பெயர் 'உண்மை விளம்பி'. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செவ்வரத்தம்பூ.

லவீனா குருநகர்ப் பெண். ஊமைப் பெண்ணொருத்தி ஒலிபெருக்கிக் கடை நடத்துவதாக இருபது நிமிடக் குறும்படம் ஒன்றை எழுதி வைத்திருந்தாள். தயாரிப்பாளர் என்று ஒருவரும் அகப்படவில்லை. அதனால் சனத்திடமே கேட்டாள். ஆயிரம் ரூபாயிலிருந்து தரலாம். தந்தவரின் பெயர் படத்தின் முடிவில் வரும். முப்பது நாளில் எட்டு லட்சம் சேராவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். படமும் இல்லை.

பத்து நாளில் நாற்பதாயிரம்தான் சேர்ந்தது. வாழ்த்துகளுக்கு மட்டும் குறைவில்லை.

ஒழுங்கைக்குள்ளும் கேட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மீன்காரி யசிந்தா, "என்னட்டை ஏது பிள்ளை ஆயிரம் ரூபா?" என்று கையை விரித்துவிட்டாள்.

பதினோராம் நாள்தான் இந்த விளம்பி வந்து குதித்தது.

"ஊமைக்கு என்னத்துக்கு லவுட்ஸ்பீக்கர்? எடுக்கிறவளுக்கே மூளை இல்லை."

லண்டனிலிருந்து ஒருவர் பொங்கி எழுந்தார். "டேய் விளம்பி, ஒரு பொம்பிளைப் பிள்ளை முன்னுக்கு வந்தா உனக்குப் பொறுக்காதோ? இந்தா, நான் ஐம்பதாயிரம் போடுறன். என்ன செய்வாய்?"

"லண்டன்காரருக்குக் காசு மரத்திலை காய்க்குது. கள்ளியிட்டைக் குடுத்துப்போட்டுப் பிறகு அழட்டும்."

அதற்குக் கனடாவுக்குக் கோபம் வந்தது. சண்டை நோர்வே வரைக்கும் போனது.

காசு ஏறுவதை லவீனா பார்த்தாள்தான். ஆனால் உலகமே பார்க்கத் தன்னைக் கள்ளி என்று எழுதிக் கிடந்ததுதான் அவள் கண்ணை உறுத்தியது. மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"பொலிசிலை குடுப்பம்" என்றான் கமராக்காரன் றொகான்.

குடுப்பதென்றே முடிவாயிற்று. இருபத்தேழாம் நாள் காலை முறைப்பாட்டை எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். போகிற வழியில் மீனுக்குச் சொல்லிவிட்டுப் போ என்றாள் அம்மா.

சந்தையில் யசிந்தாவுக்கும் பக்கத்துத் தட்டுப் பிலோமினாவுக்கும் பெரும் சண்டை.

"உன்ரை மீனைப் பூனையும் மோந்து பாக்காதடி!" என்றாள் பிலோமினா.

"நேற்றையான் மீனை வைச்சுக்கொண்டு ஊரை ஏமாத்திறாய்! செவுளைத் தூக்கிப் பாத்திட்டுக் காசைக் குடுங்கோ சனங்களே!" என்றாள் யசிந்தா.

லவீனா அப்படியே நின்றுவிட்டாள்.

சண்டை பார்க்க வந்த சனம் செவுளைத் தூக்கிப் பார்த்தது. பார்த்த கையோடு வாங்கியது. அரை மணித்தியாலத்தில் இரண்டு தட்டும் காலி. சனம் கலைந்ததும் எதிரிகள் இருவரும் ஒரு பிளேன்ரீயை இரண்டு கோப்பையில் ஊற்றிக் குடித்தார்கள்.

லவீனா ஃபோனை நீட்டினாள். "அக்கா, இந்த விளம்பி நீங்களோ?"

யசிந்தா எட்டிப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"ஓம். ஏசினா அதுவே எழுதுது பிள்ளை. நல்ல ஃபோன்."

"என்னைக் கள்ளி எண்டெல்லாம்... நான் அழுதனான் அக்கா."

"கொம்மா சொன்னவ, தன்ரை பிள்ளை அழுகுதெண்டு. அண்டைக்கு ஏச்சிலை உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு." யசிந்தாவின் குரல் இறங்கியது. "நல்ல மீனெண்டாலும் சும்மா வைச்சுக்கொண்டிருந்தா ஆர் வருவினம்? சண்டை நடந்தாத்தானே சனம் கூடும்."

"இப்பிடி ஏசினதுக்குப் பதிலா ஒரு நூறு ரூபாயாவது தந்திருக்கலாமே?"

"என்னட்டைக் காசு இல்லைப் பிள்ளை. ஏச்சுத்தான் நிறையக் கிடந்தது. அதைத்தான் தந்தனான்."

லவீனாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கைப்பைக்குள் கிடந்த முறைப்பாட்டை நாலாய்க் கிழித்தாள்.

"சரி, இன்னும் எவ்வளவு குறையுது?"

"ஒண்டேகால் லட்சம்."

யசிந்தா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தன் ஃபோனை எடுத்தாள்.

"அப்ப இண்டைக்குக் கொம்மாவையும் சேர்த்துத்தான் ஏசவேணும். போய்ச் சொல்லி வை, கோவிக்க வேண்டாமெண்டு."