ஒரு கைப்பிடி குறைகிறது

தராசுத் தட்டு இன்றைக்கும் மேலே போனது.

விரலால் அழுத்திப் பார்த்தான். விட்டான். மறுபடியும் மேலே போய் நின்றது, ‘இப்போ என்ன சொல்றே?’ என்று கேட்பதுபோல.

ஒரு சிறு கைப்பிடி குறைகிறது. எப்போதும் குறைகிற அதே அளவுதான்.

ஆனால் இன்றைக்கு மைத்துனன் இல்லை. போன வாரம் அவனைத் திருடன் என்று சொல்லித் துரத்தியாயிற்று.

பழைய ஈயக் குழாய்களை வாங்கி, உருக்கி, மீன் வலைக்குக் குண்டு வார்ப்பது இவன் தொழில்; மைத்துனன் கூடமாட உதவுவான். வீட்டின் பின்னறைதான் பட்டறை. உருக்குவதற்கு முன்னால் ஒரு எடை. வார்த்த பிறகு குண்டுகளையும் கசடையும் ஒன்றாக வைத்து இன்னொரு எடை. கசடையும் விற்பான், ஒரு துளி வீணாக்கமாட்டான்.

உருகிய ஈயத்தின் மேல், பாலில் படிவதுபோலக் கசடு ஓர் ஆடையாகப் படியும். அதை வழித்து ஒரு காலி பால் பவுடர் டின்னில் போடுவான். ஆறியதும் மஞ்சள் பொடியாகிவிடும். பார்த்தால் ஈயம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

போன வாரம் அந்தக் கசடைக் காட்டித்தான் மைத்துனனிடம் கத்தினான். “உருகினா உருவம்தான்டா மாறும், எடை மாறாது. கசடுல காத்து வேற சேருது. கணக்குப்படி எடை கூடணும். இங்க குறையுது! எங்க போச்சு? கால் முளைச்சு நடந்து போச்சா?”

மைத்துனன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அக்காவை ஒரு பார்வை பார்த்தான். வாசலில் செருப்பைத் தேடினான். ஒன்றுதான் இருந்தது. மாமா கிளம்பக் கூடாது என்றால் குழந்தை எப்போதும் அப்படித்தான், ஒரு செருப்பை எங்காவது ஒளித்து வைத்துவிடுவாள். இருந்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கினான்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாட்டுத் தட்டை மனைவி வைக்கிற சத்தமே போதுமானதாக இருந்தது.

குழந்தைக்கும் உடம்பு சரியில்லை. முன்பே அடிக்கடி வயிறு வலிக்கும். இப்போது சாப்பாடே இறங்கவில்லை. “மாமாவை நெனச்சு ஏங்கிப் போயிட்டா,” என்று மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவருக்கா சொன்னாள்?

அவன் மறுபடி ஒருமுறை எடை போட்டான். படிக்கல்லை மாற்றிப் போட்டான். தட்டை ஊதித் துடைத்தான்.

குறைகிறது.

போனை எடுத்தான். மைத்துனனைக் கூப்பிட்டான்.

“மாப்ள... இன்னைக்கும் குறையுதுடா.”

“நான் அந்தப் பக்கமே வரலையே மச்சான்.”

“தெரியும். அதனாலதான்...” அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். “தப்பா பேசிட்டேன்டா. உன்னைப் போய்...”

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

“அட விடுங்க. மொதல்ல என் செருப்பைத் தேடிக் குடுங்க. ஒத்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு எந்தக் கல்யாணத்துக்குப் போறது? இருக்கறது எங்கயும் போகாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? வீட்டுக்குள்ளதான் கெடக்கும், பாருங்க.”

அவனுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. போனைக் காதில் வைத்தபடியே தேட ஆரம்பித்தான்.

வேறு எந்த விஷயத்தில் தப்பு செய்தாலும், இந்தத் தொழிலில் அவன் கவனம். ஈயம் விஷம் என்று தெரியும். அடுப்பு எரிகிறவரை குழந்தையை உள்ளே விடமாட்டான். சட்டியை இறக்கியதும் முதல் வேலையாக அறையைத் திறந்துபோட்டுவிட்டுக் குளிக்கப் போவான். சூடும் புகையும் வெளியேறட்டும். சோப்பு போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. குளித்து, சாப்பிட்டு, அப்புறம்தான் வந்து எடை போடுவான்.

கட்டிலுக்கு அடியில் செருப்பு இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. பட்டறையில், குழாய்கள் கட்டி வைத்த சாக்குகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

குழந்தை அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

எதிரே செருப்பு. அதுதான் அவள் கடையின் மேஜை. அதன்மேல் பாட்டில் மூடிகளில் சின்னச் சின்ன மண் கேக்குகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மஞ்சளாகப் பொடி தூவியிருந்தது.

“தொடாதீங்கப்பா. அது மாமாவுக்கு.”

அவன் குனிந்தபடியே நின்றான்.

“உங்களுக்கு வேணும்னா சர்க்கரை மட்டும் தரேன். நெஜமாவே இனிக்கும்,” என்று அவள் விரலைப் பொடியில் தொட்டு வாயில் வைத்துக் காட்டினாள்.

காதருகே மைத்துனன் குரல் கேட்டது.

“என்ன மச்சான், சத்தத்தையே காணோம்? கெடச்சிருச்சா?”