மங்கிப்போன லிஃப்ட் கதவு

"யாரைக் கேட்டு சார் லிஃப்ட் கதவைத் தேய்ச்சீங்க?"

கட்டட மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். ஐந்தாம் மாடி அலுவலகத்தில் வீட்டு வரைபடம் போடும் இளைஞன் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தான்.

"ஏன் தம்பி? உள்ள நின்னா இப்பக் கண்ணு கூசாம நல்லாத்தானே இருக்கு?"

"நேத்து வரைக்கும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு சார்! இப்ப என் மூஞ்சி எது, சட்டை எதுன்னே தெரியல!"

"உப்புத்தாள் போட்டாச்சுல்ல. வழவழன்னு இருந்தா வெளிச்சம் ஒழுங்கா ஒரே பக்கமாத் திரும்பும், முகம் தெரியும். சொரசொரன்னு ஆயிட்டா ஆளுக்கொரு பக்கமாச் சிதறி ஓடிரும். கம்ப்ளெயின்ட் வந்துச்சு, தேய்ச்சிட்டோம்."

"எந்தப் புண்ணியவான் சார் பண்ணது?"

"அதைச் சொல்றதுக்கில்ல" என்றார் மேனேஜர், மீசைக்குள் சிரித்தபடி.

உண்மையைச் சொல்லி வாதாட அவனுக்கும் வழியில்லை. காலையில் அவன் ஏறும் லிஃப்டில்தான் ஏழாம் மாடிப் பல் டாக்டரும் ஏறுவாள். அவன் கதவோரம் நிற்பான், அவள் பின்னால். தலை வாருகிற சாக்கில் கதவைப் பார்ப்பான். அதில் அவள் தெரிவாள். ஒருநாள் கதவுக்குள்ளிருந்து அவள் சிரித்துவிட்டாள். அன்று அவன் வரைந்த வீட்டுக்கு வாசலே வைக்கவில்லை.

"திரும்பிப் பார்க்க வேண்டியதுதானேடா? கழுத்துல சுளுக்கா?" என்றான் பக்கத்து மேசை நண்பன்.

"திரும்பினா நேருக்கு நேர் ஆயிடுமேடா!"

மறுநாள் காலை லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. உள்ளே அவர்கள் இருவர் மட்டும். கதவில் அவன் ஒரு நீலக் கறை. அவளுடைய வெள்ளைக் கோட்டு ஒரு வெள்ளைக் கறை. கறை சிரிக்கிறதா, முறைக்கிறதா? கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் மாடி போயிற்று, மூன்றாம் மாடியும் போயிற்று.

வருவது வரட்டும் என்று சட்டெனத் திரும்பினான்.

அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவு... மங்கிப்போச்சு, இல்லீங்க?" என்று உளறினான்.

"ஆமாங்க."

"யாரோ வேலைவெட்டி இல்லாதவங்க கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்காங்க!"

ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது, மூடியது. அவன் இறங்கவில்லை.

"அந்த வேலைவெட்டி இல்லாதவ நான்தான்" என்றாள் அவள், முகமெல்லாம் சிவக்க. "பின்ன என்னங்க, அதுல முகம் தெரியற வரைக்கும் நீங்க எங்க திரும்பப் போறீங்க?"