அனுப்புநர் முகவரி

எந்த இசைக் கம்பெனியையும் நம்பாத ரெஜினா, ரசிகர்களை நம்பினாள். தன் பாட்டு சி.டி.க்களைத் தானே உறையிலிட்டு அவர்களுக்கு அனுப்புவாள். மேலே தன் வீட்டு முகவரியையும் கைப்பட எழுதுவாள்.

ஒரு நாள் கச்சேரி முடிந்து, அரங்க வாசலில் மேசை போட்டு விற்றுக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து நின்றார். சட்டைப் பையில் அவள் அனுப்பிய உறை மடிந்து எட்டிப்பார்த்தது. மேசைமேல் இருந்த சி.டி.க்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"எந்தப் பாட்டு சார் பிடிக்கும்?" என்று கேட்டுவைத்தாள்.

அவர் கண்ணை மூடி ராகமாக மெல்ல முணுமுணுத்தார். மேசையில் தாளம் போட்ட அவள் விரல் நின்றுபோனது. அன்று காலை அடுப்படியில் கட்டிய மெட்டு அது. இன்னும் யாருக்கும் அவள் பாடிக் காட்டவில்லை.

பாதியில் நிறுத்திக் கண்ணைத் திறந்தார்.

"குக்கர் விசிலடிச்சதும் விட்டுட்டீங்க மேடம். மிச்சத்த எப்பப் பாடுவீங்க?"