கேட்டால் மட்டும் அமுக்கவும்

திரையில் ஊர்ந்துகொண்டிருந்த பார்சல் விமானத்தின் எண் சட்டென்று மாறி 7600 ஆனது. மணி அலறியது.

ஏழு ஆறு பூஜ்யம் பூஜ்யம் என்றால் 'என் ரேடியோ படுத்துவிட்டது' என்று பைலட் சொல்வதாக அர்த்தம். வாயால் சொல்ல முடியாததை டிரான்ஸ்பாண்டர் என்கிற சின்னப் பெட்டி ராடாருக்குச் சொல்லிவிடும்.

ராடார் முன்னால் உட்கார்ந்திருந்த கன்ட்ரோலர் அந்த எண்ணையே வெறித்துப் பார்த்தாள். ஒரே ஒரு நொடிதான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்த விமானத்தை ஓட்டுவது அவளுடைய வீட்டுக்காரர்.

காலையில் அவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டிருந்தாள். "அப்பாவை நம்மகூடவே கூட்டிட்டு வந்துடலாமா?"

அவர் வாயைத் திறக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போகத்தான் செய்வார். 'ஆகாசத்தில் தொங்குகிறவனுக்கு என் பொண்ணு கிடையாது' என்று நாலு பேர் முன்னால் சொன்ன மாமனார். கல்யாணத்துக்குக்கூட எட்டிப் பார்க்காதவர். அந்த மனுஷர்தான் போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து, தூக்கிவிட ஆளில்லாமல் சாயங்காலம் வரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். அதை நினைத்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தவும் மனசு வரவில்லை.

சரி, அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. ஓடுபாதைக்கு மேலே மேகம் கனத்த போர்வையாகத் தாழ்ந்து கிடந்தது.

மேற்பார்வையாளர் ஓடிவந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. யாருக்கு யார் என்ன உறவு என்பதெல்லாம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. இவள் சொன்னால், நீங்கள் எழுந்திருங்கள், வேறு ஆள் பார்க்கட்டும் என்பார்.

அவள் மூச்சுவிடவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறாள். அவரைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவர இவளை விட்டால் வேறு யார்?

அவர் கை பதறவில்லை என்பது திரையிலேயே தெரிந்தது. அவசரத்தில் குமிழைத் திருகுகிற சிலர் நடுவில் 7500-ல் நின்று, கடத்தல் மணியை அடிக்கவைத்து, ஊரையே கூட்டிவிடுவார்கள். இவர் சுத்தமாக 7600-க்கு வந்திருந்தார். வீட்டில் காஸை மூடினாலும் இரண்டு தடவை தொட்டுப் பார்க்கிற ஆள்.

பேசத்தான் முடியவில்லையா, இல்லை காதிலும் எதுவும் விழவில்லையா? அவள் மைக்கை அழுத்தி, தன் குரல் கேட்டால் ஐடென்ட் பொத்தானை அமுக்கச் சொன்னாள்.

அதை அமுக்கினால் திரையில் அந்த விமானத்தின் புள்ளி மட்டும் கொஞ்ச நேரம் பெரிதாகி மினுங்கும். கன்ட்ரோலர் கேட்டால்தான் அமுக்க வேண்டும். கேட்காமல் அமுக்குகிற பைலட்டுகளை அவள் காய்ச்சி எடுத்துவிடுவாள். வீட்டுக்காரர் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

புள்ளி பெரிதாகி மினுங்கியது.

அப்பாடா! காது வேலை செய்கிறது.

இனிமேல் 'ஆம்' என்றால் அமுக்குங்கள், 'இல்லை' என்றால் சும்மா விட்டுவிடுங்கள் என்றாள். எரிபொருள் போதுமா? மினுங்கியது. இன்ஜினில் ஏதாவது கோளாறா? புள்ளி பேசாமல் நகர்ந்துகொண்டிருந்தது. காலையில் அவளுக்கு எரிச்சல் மூட்டிய அதே மௌனம் இப்போது தேனாக இனித்தது.

முன்னால் வந்துகொண்டிருந்த பயணிகள் விமானத்தை ஓரமாக வட்டமடிக்க அனுப்பினாள். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லச் சொன்னாள். வீட்டுக்காரரை இடப்பக்கம் திரும்பச் சொன்னாள், புள்ளி திரும்பியது. இறங்கச் சொன்னாள், பக்கத்திலிருந்த உயர எண் குறைந்துகொண்டே வந்தது. சொன்ன பேச்சு கேட்கிற ஆள்தான். வீட்டில்தான் முரண்டு.

நடுவில் ஒரு குறுக்குப் புத்தி தோன்றியது. கையோடு கையாக அதையும் கேட்டுவிட்டால் என்ன? ஆம், இல்லை இரண்டுக்கும்தான் வழி இருக்கிறதே.

உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேகத்துக்குள் கண் தெரியாமல் வருகிறவரிடம் மாமனார் பேச்சை எடுப்பதாவது! வேலை வேறு, வீடு வேறு.

ஓடுபாதை கண்ணில் பட்டதும் அமுக்கச் சொன்னாள்.

உயர எண் இறங்கியது. இன்னும் இறங்கியது. மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வந்துவிடுவார், அவளுக்குத் தெரியும்.

மினுங்கியது.

ஓடுபாதை காலியாக இருக்கிறது, இறங்கலாம், இனி எந்தப் பதிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மைக்கிலிருந்து கையை எடுத்தாள். அவள் வேலை முடிந்தது.

மினுக்கம் அடங்கி, புள்ளி பழையபடி சின்னதாக ஓடுபாதையை நெருங்கியது.

திடீரென்று அது மறுபடியும் பெரிதாகி மினுங்கியது.

பிறகு திரையிலிருந்து மறைந்துபோனது. சக்கரம் தரையைத் தொட்டாயிற்று என்று விமான நிலையக் கோபுரத்திலிருந்து போன் வந்தது. யாரோ கை தட்டினார்கள். யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார்கள்.

மேற்பார்வையாளர் மட்டும் விடுவதாக இல்லை. "எல்லாம் நல்லாத்தான் பண்ணாரு. ஆனா கடைசியில, யாருமே கேக்காம எதுக்கு ஐடென்ட் அமுக்கினாரு?"

அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன.

"கேட்டேன் சார். காலையில, அவர் ஷூ போட்டுக்கிட்டு இருக்கும்போது கேட்டேன்."